லண்டன் எடுத்த பிரட்டு

ரேடியோவுக்குக் காது உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய் இருக்கிற எதற்கும் காதும் இருந்தாக வேண்டும் என்பது ஏழு வயதுக்கு நல்ல கெட்டியான தர்க்கம். இன்றைக்கும் மனைவியோடு சண்டை போடுவதாக இருந்தால் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர். தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. வாங்க ஆளில்லாமல் ஃபேக்டரியில் பெட்டிகள் கூரையைத் தொட அடுக்கிக் கிடந்தன. காலையில் ஆஜர் எடுக்கிற பிரட்டு மட்டும் நிற்கவில்லை. விடிந்தும் விடியாமலும் எல்லாரும் களத்தில் கூட, அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "வந்தேனுங்க" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு தரம் கூப்பிடுவார். அதற்கும் சத்தமில்லை என்றால் பென்சிலை நாக்கில் தொட்டு அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு. நல்ல காலத்தில் அந்தக் கோட்டோடு போவது அன்றைய கூலி மட்டும்தான். அந்த வருஷம் வேலையே போயிற்று. காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, வந்தேனுங்க என்று சொல்லிவிட்டு, அங்கேயே குந்திக்கொள்வார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். எல்லார் பெயரையும் அப்பா கூப்பிடுகிறார். அப்பாவின் பெயரை யார் கூப்பிடுவது? மாமாவிடம் கேட்டேன். அம்மாவின் தம்பியான அவர், எஸ்டேட் மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரியாவிட்டாலும் சொல்லுவார்.

"உங்கொப்பன தொரை கூப்பிடுவாரு."

"தொரைய?"

"தொரைய லண்டன் கூப்பிடும். போடா, போயி மூக்கத் தொடச்சுக்க."

மூக்கைத் துடைத்தேன். லண்டன் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

துரையிடம் ரேடியோ வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பங்களாப் புகைபோக்கியிலிருந்து சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு கம்பி போகும். அதன் வழியாகத்தான் லண்டன் வருகிறது என்று மாமா சொல்லியிருந்ததால், அதில் காக்காய் உட்கார்ந்தால் எங்களுக்குப் பதறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை ஆள் விட்டுச் சொன்னார்: எல்லாரும் பங்களாவுக்கு வரலாம், சாயங்காலம் வரைக்கும் லண்டன் கேட்கலாம். எங்கள் காதை எங்களாலேயே நம்ப முடியவில்லை. மற்ற நாளில் அந்தப் புல்லில் கால் வைத்தால் தோட்டக்காரர் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியோடு துரத்துவார். அன்றைக்கு அவரே எங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வராந்தா மேஜைமேல் பெட்டி. உள்ளே சின்னதாக ஒரு வெளிச்சம், கர்ப்பக்கிரகத்து விளக்குபோல. துரை குமிழைத் திருகினார். முதலில் பெட்டிக்குள் மழை பெய்தது. தேயிலைமேல் விழுகிற மழையேதான். பிறகு மழையைக் கிழித்துக்கொண்டு பாண்டு வாத்தியம். அப்புறம் ஒருவர் ரொம்ப நேரம் பேசினார்.

"ரோசாச் செடிக்குக் கவாத்து வெட்டறதப் பத்திச் சொல்றாரு" என்றார் மாமா.

"அந்த ஊர்லயும் கவாத்துத்தானா?" என்று ஒரு கிழவர் சலித்துக்கொண்டார்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று இருமினார். அதுதான் எங்களை ஆட்டிவிட்டது. பாட்டும் பேச்சும் யந்திரம் செய்யும். இருமலை யந்திரம் செய்யுமா? ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷனுக்குத் தொண்டை கரகரப்பது இங்கே மலைமேல் கேட்கிறது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏனுங்க, பாவம், சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது" என்றாள் அம்மா அப்பாவிடம். "ஒரு சுக்குத்தண்ணி வெச்சுக் குடுக்க அங்க ஆளில்லீங்களா?"

எனக்கோ வேறு கவலை. அவர் இருமல் இங்கே வருகிறதென்றால் எங்கள் இருமல் அங்கே போகாதா? அந்தக் கம்பியில் ஒரு பக்கம்தான் நடக்கலாம் என்று சட்டமா?

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிப் புல்வரைக்கும் வந்துவிட்டது. மாமா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது லண்டன் மணிக்கூண்டு அடித்தது. பன்னிரண்டு. இங்கே விளக்கு வைக்கிற வேளை, அங்கே உச்சிப்பொழுது. ஒரே சூரியன் இரண்டு இடத்தில் இரண்டு வேலை பார்ப்பதை முதல்முதலாகக் காதால் கேட்டோம். ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மணி ஓய்ந்ததும் ஒரு குரல் நிதானமாக ஏதோ சொன்னது.

"லண்டன் கூப்பிடுது" என்றார் மாமா, தானே கூப்பிட்டதுபோல.

யாராவது வந்தேனுங்க சொல்ல வேண்டாமா? துரையைப் பார்த்தேன், வாயில் பைப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அப்பாவைப் பார்த்தேன், தினமும் பெயர் கூப்பிடுகிற மனுஷன், தன் முறை வந்தபோது கல்லாக நிற்கிறார். அந்தக் குரல் இரண்டாம் தரமும் அதையே சொன்னது. மூன்றாவது கூப்பாடு கிடையாது என்பது ரைட்டர் மகனுக்குத் தெரியாதா? அந்த இரைச்சலுக்குள் லண்டனில் யாரோ பென்சிலை நாக்கில் தொடுகிற சத்தம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டது.

ஓடினேன். வராந்தாவில் ஏறிப் பெட்டியில் குரல் வருகிற துணியில் வாயை வைத்துக் கத்தினேன்.

"வந்தேனுங்க! எங்கப்பா வந்திருக்கறாருங்க! மாமா வந்திருக்குதுங்க! மேஸ்திரி, தோட்டக்காரரு எல்லாரும் வந்திருக்கறாங்க! கோடு போட்டறாதீங்க!"

புல்வெளியே உருண்டு சிரித்தது. அப்பா வந்து என் காதைப் பிடித்தார். துரை மாமாவைப் பார்க்க, மாமா வேர்க்க விறுவிறுக்க இங்கிலீஷில் விளக்கினார். துரை சிரிக்கவில்லை. பைப்பை எடுத்துவிட்டு மெதுவாகப் பெட்டிப் பக்கம் குனிந்தார். குனிந்து, தன் காட்டுத்தமிழில், பிரட்டுக்களத்தில் நிற்கிற ஆள் மாதிரியே சொன்னார்:

"வன்தேனுங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. அந்த நிமிஷமே பெட்டி சங்கீதம் பாட ஆரம்பித்தது. லண்டன் திருப்தியடைந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். அப்பா மட்டும் என் காதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் துரை ஊரை விட்டே போனார். காரணம் எனக்குத்தான் தெரியும். மாமா முதல் மேஸ்திரி வரை ஆஜர் சொன்ன நான், துரையின் பெயரை விட்டுவிட்டேன்! அவர் தானாகச் சொன்னது இரண்டாம் கூப்பாடு ஓய்ந்து ரொம்ப நேரம் கழித்து, செல்லாது. லண்டன் கோடு போட்டுவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். எதைக் கண்டு பயந்தேனோ என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். கயிறு நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் கோலி விளையாடப் போய்விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று பின்னால் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரமே துரைக்கு வேலை போயிருந்தது. அப்போதே அந்த ரேடியோப் பெட்டியை விலைக்கு வாங்க ஆள் பார்த்து வரும்படி அவர் குன்னூருக்கு அனுப்பியது என் அப்பாவைத்தான்.