முகூர்த்தப் பட்டும் சித்தியின் கழுத்தும்

என் சித்திக்குக் கழுத்து குட்டை. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் நாலு பக்கத்திலிருந்தும் தாடையைத் தூக்கு, தாடையைத் தூக்கு என்பார்கள். சித்தியும் தூக்குவாள். அப்படி எடுத்த படங்களிலெல்லாம் அவள் ஏதோ மரத்தில் காய் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது போலவே இருக்கும்.

அவளுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு தடவை பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், பெண் லட்சணம்தான், ஆனால் தலையை எடுத்து நேரே தோளில் வைத்த மாதிரி இருக்கிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அந்த மனிதர் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அப்படியே வந்து கூடத்தில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே ஒப்பித்தார். சித்தி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டு கிரைண்டர் ரொம்ப நேரம் ஓடியது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பயப்படுவதை இன்னும் விடவில்லை. கேஸை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு நினைக்கிற ஆள் நான். அந்த வயதிலேயே எனக்கு வீட்டுக் கவலை எல்லாம் உண்டு. சித்திக்குக் கல்யாணம் ஆகாமலே போய்விடுமோ என்பது அதில் பெரிய கவலை.

ஆனால் சித்தி கவலைப்படுகிறவள் இல்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மச்சு அறையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. பழைய மாதக் காலண்டர் தாள்களை எடுத்து நடுவில் ஓட்டை போட்டு, தலை வழியாக மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள். ஒரு தாளில் வட்டம். ஒன்றில் சதுரம். ஒன்றில் பானை மாதிரி, மேலே குறுகி உள்ளே அகன்று. ஒன்று தோளிலிருந்து தோள் வரை நேர்கோடாக. ஒன்று கூம்பாகக் கீழே இறங்கி ‘வி’ எழுத்து மாதிரி. லட்சுமி வயிற்றிலும் பிள்ளையார் தும்பிக்கையிலும் ஓட்டை விழுந்ததைப் பார்த்து அம்மா சாமிக் குத்தம் வந்துவிடும் என்று கத்தினாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைவிட, கத்தரிக்கோல் கழுத்துக்குப் பக்கத்தில் போகிறதே என்ற பயம்.

சித்தி என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கேட்பாள்.

“இப்ப எப்படிட்டி இருக்கு? பொய் சொல்லக் கூடாது.”

பொய் சொல்ல எனக்கு வராது. வட்டக் கழுத்துக்கு முகம் இன்னும் உருண்டையாகத் தெரிந்தது. நேர்கோடு போட்டால் கழுத்து இருந்த இடமே காணோம். அந்தக் கூம்புத் தாளை மாட்டியதும்தான் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எங்கிருந்தோ சித்திக்குக் கழுத்து வந்துவிட்டது. தாடைக்குக் கீழே இரண்டு விரல் அளவு கூடுதலாக ஒரு சித்தி. அவளும் பார்த்தாள். தாளைக் கழற்றி, மடிக்காமல், துணி அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தாள். என் கல்யாணத்துக்கு இதுதான் கழுத்து என்றாள். மாப்பிள்ளையே கிடைக்காத நேரத்தில் அப்படிச் சொன்னாள்.

பிறகு பண்பொழியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனி மாதம் குற்றாலத்தில் மண்டபம் என்று பேச்சாயிற்று. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது, காரணம் மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாள் பேசவே மாட்டாள். உம் என்பாள், இல்லையென்றால் உம் என்றும் சொல்ல மாட்டாள். அவள் உம் சொல்லாமல் எழுந்து போனதாலேயே இதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு வந்த பெண் ஜாதகங்கள் திரும்பிப் போயின என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

முகூர்த்தப் பட்டு எடுப்பது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பெண்ணையும் கடைக்கு அழைத்துப் போவார்கள். ஆனால் அவர்கள் வீட்டு வழக்கப்படி, முகூர்த்தத்துக்கு முன்னால் அந்தப் பட்டு பெண்ணின் மேல் படக் கூடாது. கடையில்கூடத் தோளில் போட்டுப் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலி யாராவது போட்டுக் காட்டுவார்கள். பெண் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதாவது கட்டப் போகிறவளைத் தவிர மற்ற எல்லோரும் அந்தப் பட்டைக் கட்டிப் பார்க்கலாம்.

அவர்கள் வீட்டில் போட்டுக் காட்டுகிற ஆள் மாப்பிள்ளையின் அக்கா. அந்த அக்கா நல்ல உயரம். கழுத்தோ, அதற்கென்றே நேரம் ஒதுக்கிச் செய்தது போல நீளம். சாக்கைச் சுற்றினாலும் அவளுக்கு அழகாக இருக்கும்.

தென்காசியில் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆண்கள் கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டுவலி. ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கடைப் பையன் பட்டுகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தான். அக்கா எழுந்து கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தோளில் போட்டாள். எல்லாமே மனசை அள்ளின. எல்லோரும் அதைப் பார், இதைப் பார் என்றார்கள். கடைசியில் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டில் வந்து நின்றது. விறைப்பான கனத்த பட்டு. அரக்கு நிறத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை. அக்கா அதைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது, தேர் திரும்புவது போலத்தான் இருந்தது.

பெண் வீட்டார் எல்லோரும் சித்தியின் முகத்தைப் பார்த்தார்கள். சித்தி பட்டைப் பார்த்தாள். கனத்த பட்டு உடம்பைவிட்டுத் தள்ளி நிற்கும்; கட்டையான ஆளை இன்னும் அகலமாக்கும். சாண் கரை உயரத்தில் பாதியைத் தின்றுவிடும். மச்சில் சித்தி சொல்லிச் சொல்லி எனக்கே அது தெரியும். அம்மா சித்தியின் தொடையில் கிள்ளியதும் தெரிந்தது.

“ஜாக்கெட்டு கழுத்து வரைக்கும் மூடி, கை முட்டு வரைக்கும் வச்சித் தைக்கச் சொல்லிருங்க,” என்றாள் அக்கா. “எங்க வீட்ல சபைக்கு வருத பொண்ணு அப்படித்தான் வருவா.”

அம்மா சரி என்று தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவும் ஆட்டினாள். பயத்தில் நானும் ஆட்டினேன். சித்தி ஆட்டவில்லை.

அந்த நொடியில் நான் பண்பொழி மலை முருகனிடம், சித்தி வாயைத் திறக்காமல் இருந்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். யார் தலை என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அப்போதே விவரம் இருந்தது.

சித்தி வாயைத் திறந்தாள்.

“மதினி, ஒங்களுக்கு எதப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். அத்தைய ஒருக்கப் போட்டுக் காட்டச் சொல்லுங்களேன். அத்தை என் ஒயரந்தான்.”

உயரம் என்றுதான் சொன்னாள். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளையின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம், அப்போதுதான் எல்லோருக்கும் அது கண்ணில் பட்டது. அந்த அம்மாளுக்கும் கழுத்து இல்லை. இத்தனை நாள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதற்குக் கீழே பார்த்ததில்லை.

என் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் நின்றது, மண்டபத்துக்குக் கொடுத்தது போனது, சித்தி மச்சில் காலண்டரோடு கிழவியாகப் போகிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அக்கா சிரித்தாள்.

“அம்மாவா? அம்மா கண்ணாடியப் பாத்து எத்தன காலமாச்சி. பொட்டே தடவிப் பாத்துதான் வைக்கா.”

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியின் கைகளைப் பிடித்தாள். எழுந்து வெளியே போகப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை, கண்ணாடிப் பக்கம் போனாள்.

கடைப் பையன் மாம்பழ மஞ்சளை அவள் தோளில் போட்டுக் கொசுவத்தைப் பிடித்துக் காட்டினான். பட்டு விறைத்துக்கொண்டு நாலு பக்கமும் நின்றது. கரை இடுப்பு வரை ஏறியது. அந்த அம்மாள் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு காரியம் நடந்தது. ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

“என்னடே இது, சந்தைக்கு மூட்டை கெட்டுன மாரில்லா இருக்கு.”

பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டை எடுத்தான். சித்தி அதற்குள் குவியலில் யாரும் கவனிக்காத ஒன்றை அவனிடம் விரலால் காட்டினாள். குங்குமச் சிவப்பு. மெல்லிய பட்டு; அவன் கையில் எடுத்ததும் தண்ணீர் மாதிரி வழிந்தது. கரை இரண்டு விரல்தான். அவன் அதைப் போட்டதும் அது அந்த அம்மாளின் மேல் அப்படியே இறங்கி, தரை வரை ஒரே கோடாக விழுந்தது. சித்தி அந்தப் பட்டைத் தொடாமல், பக்கத்தில் கிடந்த வேறொரு சேலையின் கரையை எடுத்தாள். அந்த அம்மாள் போட்டிருந்தது கழுத்து மூடிய பழைய ஜாக்கெட். அதன் மேல், இரண்டு தோளிலிருந்தும் நடு நெஞ்சுக்கு, அந்தக் கரையைக் கூம்பாக மடித்து வைத்துப் பிடித்தாள். காலண்டர் இல்லாத குறைதான்.

“இப்பப் பாருங்க அத்தை.”

அந்த அம்மாள் பார்த்தாள். யாரும் சொல்லாமலே தாடை தானாக உயர்ந்தது.

“இத எடு,” என்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கரை இத்தனூண்டு இருக்கிறதே, ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது, அதுவும் கழுத்தை இறக்கித் தைத்தால் சபையில் நன்றாகவா இருக்கும் என்று அடுக்கினாள். அந்த அம்மாள் கண்ணாடியிலிருந்து திரும்பவே இல்லை.

“ஒன் கல்யாணத்துக்கு நீ பிடிச்சதத்தான எடுத்தே? இவளும் எடுக்கட்டும். எம்புட்டு எறக்கணும்னு அவ கழுத்துக்குத் தெரியும்.”

பையன் குங்குமச் சிவப்பை மடிக்கக் கை நீட்டினான். சித்தி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். ஜெயித்தவளின் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். சித்தி பேசிவிட்டாலும், கல்யாணம் நிற்கவில்லையே, முருகன் கோபித்துக்கொள்வானே என்று பயந்து அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் பண்பொழி மலைக்குப் போய் என் தம்பி மொட்டை அடித்துக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

முகூர்த்தத்தன்று குற்றாலத்தில் சாரல். மண்டபத்து வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மேளக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசித்தார்கள். முகூர்த்தப் பட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்து, சித்தி அதைக் கட்டிக்கொண்டு வர உள்ளே போனபோதே என் கவலை தொடங்கிவிட்டது. தையல்காரர் ஒரு விரல் கூடுதலாக இறக்கியிருந்தால்? பட்டு வழுக்கிக் கொசுவம் அவிழ்ந்துவிட்டால்? மணமேடைக்குக் கீழே நின்று ஊக்குகளைக் கை நிறைய வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து சித்தி வந்தாள்.

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பந்தி எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்த கிழவர்கள்கூட நிமிர்ந்தார்கள். சிவப்பு, தலையிலிருந்து கால் வரை ஒரே ஓட்டமாக. அதற்கு மேலே, கூம்பாக இறங்கிய கழுத்தில், ஒற்றைச் சங்கிலி. எங்கள் ஊரே பார்த்த அந்தச் சித்திக்கு ஊரே பார்க்காத ஒரு கழுத்து இருந்தது. அவள் குனியாமல் நடந்து வந்து மேடையில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் அவளை எதையும் தூக்கச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் எங்கே கட்டுவது என்று மறந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தொண்டையைச் செருமினார். தாலி ஏறி முடிந்ததும் மாப்பிள்ளையின் அக்காதான் முதல் ஆளாக என் அம்மாவிடம் வந்து, அந்தத் தையல்காரர் எங்கன இருக்கார், நம்ம பிள்ளைக்கும் இதே மாதிரி ஒண்ணு தைக்கணும் என்று கேட்டாள். அம்மா, ஏதோ தானே கத்தரித்தது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு வழி சொன்னாள்.

நான் ஊக்குகளைத் திரும்ப டப்பாவில் போட்டேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது. யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று சுற்றிப் பார்த்தேன்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் எழுந்து மேடைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கும் அவள் கழுத்து மூடிய ஜாக்கெட்தான் போட்டிருந்தாள். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு விரல் மட்டும் ஜாக்கெட்டுக்கு மேலே, தோளிலிருந்து நடு நெஞ்சுக்கு இறங்கியது. அடுத்த தோளுக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் இறங்கியது. மெதுவாக, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.

மண்டபத்துப் புழுக்கத்தில் வேர்க்குரு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

“ஆச்சி, அரிக்கா? பவுடர் எடுத்துட்டு வரட்டுமா?”

அவள் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமாட்டி,” என்றாள். “அரிக்கி.”

ஓடிப்போய் மணப்பெண் அறையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் தட்டினேன். அவள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை துணி மூடியிருந்தது. போடுவதற்கு இடம் இல்லை. அவள் சிரித்தாள். பவுடரைத் தன் மேல் போடாமல் என் கழுத்தில் பூசிவிட்டாள். எனக்கு அரிக்கவில்லை ஆச்சி என்று நான் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.