தவளை இருக்கிற தண்ணீர்

பேச்சியம்மா யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பாள். வீட்டுக்காரி கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ, இருங்கோ" என்று உபசரித்துக்கொண்டிருப்பாள். இவளோ கிணற்றுக்கட்டில் கையூன்றிக் குனிந்து நிற்பாள். உள்ளே ஒரு தவளையாவது கண்ணில் பட்டால்தான் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பாள். படாவிட்டால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று வாய் கூசாமல் ஒரு பொய். ஜெயபுரம் முழுவதற்கும் இந்தக் கூத்துத் தெரியும். "பேச்சியக்கா வாறா, தவளையை வெளியில வரச் சொல்லுங்கோ" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் கோப்பையைத் தொடமாட்டாள்.

சிரித்தவர்களுக்கு அதன் காரணம் தெரியாது. பேச்சியம்மா மலைநாட்டில், மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். காட்டிலிருந்து இறங்கும் ஓடையில் பீலி என்கிற குழாயை வைத்துத்தான் அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் எடுத்தார்கள். ஓடையின் தலைப்பில் ஒரு சரிந்த பாறை உண்டு. அதன் மேல் தண்ணீர் பாயாது. எண்ணெய் பூசியதுபோல மெல்லப் பரவி வழியும். அந்த ஈரத்தில்தான் பாறைத்தவளைகள் குடியிருந்தன. தட்டையான உடம்பு, பாறையின் நிறமே நிறம். அசைந்தால்தான் அங்கே ஒன்று இருப்பது தெரியும். வெடிப்புக்குள் முட்டை இருக்கும். ஆண் தவளை பக்கத்திலேயே குந்தியிருந்து காவல் காக்கும். குஞ்சுகள் குளத்துத் தலைப்பிரட்டைகளைப் போல நீந்தித் திரியாது. ஈரப்பாறையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டி ஊரும். பாறை காய்ந்தால் அவை செத்தன. தண்ணீரில் கொஞ்சம் பூச்சிமருந்து கலந்தாலும் செத்தன. வேறெங்கும் போய்ப் பிழைக்கத் தெரியாத உயிர் அது.

அதனால் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேல்மலையில் தேயிலைக்கு மருந்து அடித்தால், மறுநாள் யாராவது ஒருவர் பாறைவரை ஏறிப் பார்ப்பார். தவளை இருந்தால் பீலியடியில் குடம் வைப்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்து லயத்துக்குக் குடத்தோடு நடப்பார்கள். பேச்சியம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஓர் அடைமழை நாளில் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மருந்து டின்னை எவனோ ஓடையில் கழுவியிருக்கிறான். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். அவன் வாயில் நுரை தள்ளிச் செத்த பிறகுதான், தவளைகள் வயிறு வெளுத்துப் பீலியடிக்கு மிதந்து வந்தன. அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதற்குப் பிறகு எந்தப் படித்தவர் வந்து எதைச் சொன்னாலும், தவளை சொன்னால்தான் அவளுக்குத் தண்ணீர் தண்ணீராகும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள். உடுத்த சேலையோடு வன்னிக்கு வந்து, இடம் மாறி இடம் மாறி, தங்கராசாவைக் கலியாணம் கட்டி, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தாள். கிணறு தோண்டிய வருடம் மாரி பெய்ததும் தவளைகள் வந்து கத்தத் தொடங்கின. பேச்சியம்மா கிணற்றுக்கட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். வந்தவை பாறைத்தவளைகள் அல்ல. எருமை புரண்ட சேற்றிலும், வண்டித் தடத்தில் தேங்கிய தண்ணீரிலும் கும்மாளம் போடும் வன்னித் தவளைகள். அவளுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. தவளை தவளைதானே என்று இருந்துவிட்டாள். கிணறு நல்ல கிணறாக இருந்ததால் அவளுடைய கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை. பிழையான கணக்கு வருடக்கணக்காகச் சரியான விடையைத் தந்துகொண்டிருந்தால் யார்தான் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்?

கோயில் கோயிலாக நேர்ந்து, பிந்திப் பிறந்தவள் அருந்ததி. ஒரே பிள்ளை. பின்னாளில் தங்கராசா வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போக, பேச்சியம்மாவுக்கு இந்த உலகத்தில் அவளைவிட வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்கு முன்னால், சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது, இரண்டாயிரத்து மூன்றில் என்று நினைவு, மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அண்ணன் மாடசாமி இன்னமும் அதே தோட்டத்தில்தான் இருந்தார்.

"என்னா புள்ள, பாதை தொறந்து இவ்வளவு நாளாச்சு, இப்பத்தான் அண்ணன் நெனப்பு வந்துச்சா?" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் அவள் மகளோடு பாறைக்கு ஏறினாள். பாறை இருந்தது, ஈரம் இல்லை. மேலே காட்டின் சின்ன மரங்களை வெட்டி ஏலக்காய்ச் செடி நட்டிருந்தார்கள். வெயில் உள்ளே இறங்கியிருந்தது. மறுபக்கச் சரிவில் மரக்கறித் தோட்டம். அதற்கு அடித்த மருந்தின் மணம் மூக்கில் ஏறியது. யாரோ பங்களாக்காரர் தலைப்பிலேயே குழாய் போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போயிருந்தார். மிச்சத் தண்ணீர் ஓரமாக ஒரு விரலளவுக்குக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெடியன் முழங்காலில் நின்று வெடிப்புக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பஸில் தவளைகளைப் பற்றிப் படிக்கிறவனாம். தட்டுத் தடுமாறித் தமிழ் கதைத்தான்.

"முன்னால இங்க நிறைய இருந்தது, அம்மா. இப்ப ஒண்ணும் காணல்ல. இது தோலாலதான் தண்ணி குடிக்கும். அதனால முதல்ல சாகிறது இதுதான்."

பேச்சியம்மா பாறையில் குந்தி வாய்விட்டு அழுதாள். செத்தது தவளைகளா தம்பியா என்று தெரியாத அழுகை. அழுது முடித்தவள் அண்ணன் வீட்டுக் குடத்தைக் கவிழ்க்க விறுவிறென்று இறங்கிவிட்டாள். அருந்ததி மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றாள். எதையும் கேள்வி கேட்டுக் குடைகிற பிள்ளை அவள். எங்கள் கிணற்றில் நிறையத் தவளை இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து இங்கே விடலாமா என்று கேட்டாள்.

பெடியன் சிரித்தான். "அது வேற தவளை, தங்கச்சி. அது கானுக்குள்ள, சாக்கடைத் தண்ணியிலயும் இருக்கும். இது அப்படி இல்ல."

கீழே அண்ணன் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. "இல்லாத தவளைக்காக நாங்க தண்ணி குடிக்காம இருக்க முடியுமா?" என்று மாடசாமி கத்தினார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் சொறியும் ஓயாமல் இருந்தன. பேச்சியம்மா ஊர் திரும்பும்வரை கடைச் சோடாவிலேயே காலத்தை ஓட்டினாள். "பாத்தியே? தவளை போச்சு, தண்ணியும் போச்சு" என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த விடயத்தில் அவள் சொன்னது முழு உண்மை. அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாயிரத்து எட்டில் சண்டை ஜெயபுரத்தைத் தொட்டது. கிணற்றை விட்டு, கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு, சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்தார்கள். கிளிநொச்சி, விசுவமடு என்று ஒவ்வொரு இடமாக விட்டு விட்டு, அடுத்த தையில் உடையார்கட்டில் ஒரு தரப்பாளைக் கூரையாகக் கட்டி அதன் கீழே தாயும் மகளும் இருந்தார்கள். மழை விட்டபாடில்லை. பதுங்குகுழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குடிக்க மட்டும் தண்ணீர் இல்லை. சனம் கண்ட கண்ட இடத்தில் கிடங்கு தோண்டி, ஊறியதை அள்ளிக் குடித்தது. மலசலகூடம் என்று ஒன்றும் இல்லை. பற்றைக்காடுதான் எல்லோருக்கும்.

பக்கத்துத் தரப்பாளில் நாகேஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். வட்டக்கச்சிக்காரி. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தாலும், கொதிக்க வைக்காத தண்ணீரை அவள் வாயில் வைக்கமாட்டாள். சுகாதாரத் தொண்டு வேலை செய்த சிவகரன் என்ற இளைஞன் ஒருநாள் வந்து, அவர்களுக்குக் கிட்ட இருந்த கிடங்கில் குளோரின் கரைத்து ஊற்றிவிட்டுப் போனான். காலையில் பேச்சியம்மா வாளியோடு போனபோது, அந்தக் கிடங்கில் இரண்டு மூன்று தவளைகள் வயிறு வெளுத்து மிதந்தன.

வெறும் வாளியோடு திரும்பினாள். சிவகரன் அடுத்த முறை வந்தபோது வழிமறித்தாள்.

"தம்பி, என்ன வேலை பாத்திருக்கிறாய்? தவளை செத்துக் கிடக்கு!"

"அது குளோரின் கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா. மனுசருக்கு ஒண்டும் செய்யாது. பயப்பிடாமல் குடியுங்கோ."

"தவளையைக் கொல்லுற தண்ணி மனுசரைக் கொல்லாதோ? என்ர தம்பி செத்ததை நான் பாத்தனான்."

அவன் பாவம், இன்னும் எத்தனையோ கிடங்குக்குப் போகவேண்டும். நின்று விளக்கம் சொல்ல அவனுக்கு ஏது நேரம்? போய்விட்டான்.

பற்றைக்காட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இன்னொரு கிடங்கு இருந்தது. அங்கே குளோரின் போடவில்லை. பொழுதுபடத் தவளைகள் காது அடைக்கக் கத்தும். பேச்சியம்மா அங்கே போய் அள்ளினாள். தான் அள்ளியதோடு விடவில்லை. கண்டவர்களுக்கெல்லாம், "அங்கை போய் அள்ளுங்கோ, உயிருள்ள தண்ணி" என்று வாய் ஓயாமல் சொன்னாள். சனம் கையில் கிடைத்த எதையும் பிடித்துத் தொங்கிய காலம் அது. பலர் போனார்கள். பற்றைக்காட்டில் பெய்த மழையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்குகிறது என்பதைப் பார்க்க அவளுக்குக் கண் இல்லையா? இருந்தது. தவளை இருக்கும்போது வேறெதைப் பார்ப்பது என்று இருந்துவிட்டாள்.

"பேச்சியக்கா, எங்கை அள்ளினாலும் பரவாயில்லை, கொதிக்க வைச்சுக் குடுங்கோ" என்றாள் நாகேஸ்வரி.

"கொதிக்க வைச்சால் அது செத்த தண்ணி."

அருந்ததி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அம்மா, மலையில அந்த அண்ணா சொன்னவர். அந்தத் தவளை வேறயாம், எங்கட பக்கத்துத் தவளை வேறயாம். இதுகள் கானுக்குள்ளயும் இருக்குமாம்."

"அவன் அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவனோ, நான் வளர்ந்தனானோ? குடி பிள்ளை."

அருந்ததி தாயின் முகத்தைப் பார்த்தாள். வீடு போய், ஊர் போய், அப்பாவும் போய், அந்த மனுசியிடம் மிஞ்சியிருந்த ஒரே நிச்சயம் அது. அதைப் பறிக்க அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை போலும்.

"சரி அம்மா" என்று குடித்தாள்.

அந்தக் கிழமையே வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு இரத்தமாகப் போனது. கண் குழிக்குள் போய், நாக்கு வறண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் கிடந்தாள். பேச்சியம்மாவும் நாகேஸ்வரியும் அவளைச் சாக்கில் கிடத்தி, பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காயக்காரர் வாசல்வரை கிடந்தார்கள். இருந்த கடைசி சேலைன் போத்தலில் பாதியைப் பிள்ளைக்கு ஏற்றினார்கள்.

"எந்தத் தண்ணி குடிச்சவா?" என்று கேட்டார் டொக்டர்.

"நல்ல தண்ணி ஐயா. தவளை இருக்கிற தண்ணி" என்றாள் பேச்சியம்மா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. "வன்னித் தவளை மலத்துக்குள்ளயும் சீவிக்கும் அம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அருந்ததி பொழுது சாயமுன் செத்துப்போனாள். ஷெல் அடிக்கு நடுவே அவசரமாகக் குழி வெட்டித் தாட்டார்கள். அதே தண்ணீரை அதே கோப்பையில் குடித்த பேச்சியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு ஊர் கேட்க அழுதிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அழுகை வரவில்லை.

மறுநாள் அவளைத் தரப்பாளுக்குள் காணவில்லை. நாகேஸ்வரி தேடிப் போனபோது, பள்ளத்துக் கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்தாள். சனம் வாளியோடு வந்துகொண்டிருந்தது. முதலில் வந்தவளிடம், "இது கூடாத தண்ணி, போங்கோ" என்றாள். அவள் கேட்கவில்லை.

"நீங்கள்தானே அக்கா நல்ல தண்ணி எண்டு சொன்னனீங்கள்? இந்தா, தவளையும் நிக்குது" என்று வாளியை இறக்கி, அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்ததாக, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒருத்தி வந்தாள். பேச்சியம்மா எழுந்து, இரண்டு கையாலும் அவளுடைய வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் நல்ல தண்ணி எண்டு சொன்னனான். என்ர பிள்ளை இந்தத் தவளை வேற எண்டு சொன்னவள். நான்தான் குடுத்தனான். நேற்றுத் தாட்டிட்டு வந்து நிக்கிறன்."

குழந்தைக்காரி வாளியை விட்டுவிட்டுப் பின்வாங்கினாள். நாகேஸ்வரி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஷெல் வருகுது அக்கா, வாங்கோ பங்கருக்கு. ஒருக்கால் சொன்னது காணும், போதும்."

"காணாது" என்றாள் பேச்சியம்மா. பற்றைக்காட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வெறும் வாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் கையை உதறிவிட்டு அவர்களுக்கு முன்னால் போய் நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.