கேட்டில் பூட்டிய போன்

கொம்பையா தலையணையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சங்கரன்கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு வந்து கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். சில மாதமாக ஓ.டி. காசில் ஷேர் வாங்குகிறான். இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். கடைசியாக வாங்கியது காலையில் இறங்கியதைப் பார்த்துப் பதறிப்போய் விற்றான். மத்தியானமே சனியன் ஏறிவிட்டது.

அவன் வாங்கிய அன்றைக்கே அதே ஷேரை வாங்கியிருந்த ரூம்மேட் சக்திகுமார், அதே கம்பெனியில், பகல் ஷிப்ட் முடிந்து சாவகாசமாக வந்தான்.

"ஏல, எனக்கு மட்டும் ஏம்ல இப்படி ஆவுது?"

"எனக்கும்தாம்ல எறங்கியிருக்கும். உள்ள போகும்போதே போனைக் கேட்டுல வாங்கிப் பூட்டிருதானுவ, நான் எங்க பாத்தேன்?"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. பகல் ஷிப்ட் வாரங்களில் அவனும் எதையும் விற்றதில்லை. நைட் ஷிப்ட் வாரத்தில்தான், தூங்க வேண்டிய பகலில் போனையே வெறித்துக்கொண்டு கிடந்து கெடுத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் செக்யூரிட்டி போனை நீட்டினார். கொம்பையா கையை நீட்டவில்லை.

"இன்னாப்பா, வூட்டுக்குப் போவல?"

"மார்க்கெட்டு மூடுனதும் வந்து வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி!" என்று கத்தினான். "இம்புட்டு நாளும் என் காசைக் காப்பாத்துனது உங்க பூட்டுதான்!"