கலியமூர்த்தி மாற்றிப் படித்த வரி

சப்டைட்டில் எழுதுகிறவர்களின் பாடு ஒரு தனிப்பாடு: ஒழுங்காக எழுதினால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு வார்த்தை பிசகினால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லப்போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அது சம்பளத்துக்கு. எங்கள் ஃபிலிம் கிளப் ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் பிரெஞ்சுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். அது ஆசைக்கு. இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு படத்தால் வந்த வினை. துறைமுக ஊர் ஒன்றில் லூக், ரெனே என்று இரண்டு திருடர்கள், சின்ன வயதுச் சிநேகிதர்கள். ஒரு நகைக்கடைக் கொள்ளைக்குப் பிறகு லூக் ஒளிந்துகொள்கிறான். போலீஸ் நேராக அந்த வீட்டுக்கே வந்துவிடுகிறது. இடத்தைச் சொன்னது யார் என்பது கடைசிக் காட்சியில்தான் நமக்குத் தெரியும். கைவிலங்கோடு நிற்கும் லூக்கிடம் ரெனேயே போய் ஒத்துக்கொள்கிறான்.

திருடனின் தமிழ்

அந்தக் கடைசி வரிதான் என்னைப் படுத்திவிட்டது. பிரெஞ்சுத் திருடர்கள் பேச்சில், கூட்டாளியைப் போலீசில் மாட்டிவிடுவதற்குக் ‘கொடுப்பது’ என்றே பெயர். நம் காட்டிக்கொடுப்பதிலும் ஒரு கொடுப்பது இருக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. ‘உன்னைக் காட்டிக்கொடுத்த பாவி நானே, நண்பா’ என்று எழுதிவிட்டு முபாரக்கிடம் காட்டினேன். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கிளப்பில் புரொஜெக்டரிலிருந்து டீ, வடை வரை அவர் பொறுப்பு. படித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், இவன் கொள்ளையடிக்க வந்தவனா, பட்டிமன்றத்துக்கு வந்தவனா?”

தூங்கி எழுந்த டாக்டர்

வரியை ‘உன்னைப் போட்டுக்கொடுத்தது நான்தான்டா’ என்று மாற்றி, முதலில் தஞ்சாவூரில் திரையிட்டோம். மருத்துவக் கல்லூரியில் டியூட்டி முடிந்து நேராக வந்த ஒரு டாக்டர் பெண், விளக்கை அணைத்ததுமே தூங்கிவிட்டார். கடைசிக் காட்சியில் விழித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூங்கினவருக்கு என்ன அழுகை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கேட்டேவிட்டேன்.

“யாரு யாருக்குத் துரோகம் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அந்த ரெண்டு மூஞ்சியையும் பார்த்தா ரெண்டு பேருக்குமே நடந்த மாதிரி இருந்துச்சு.”

காதோரம் ஒரு குரல்

அடுத்து பட்டுக்கோட்டை. ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் ஹால். முன்வரிசையில் தேங்காய் வியாபாரி ராஜமாணிக்கம். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. பக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கும் சிநேகிதர் கலியமூர்த்தி. ஓடுகிற எழுத்தைக் கலியமூர்த்தி அவர் காதில் படித்துச் சொல்வார். காதில் என்று பெயர்தானே தவிர, கடைசி வரிசைக்கும் கேட்கும். லூக்குக்குக் கட்டைக்குரல், ரெனேக்கு இழுத்த குரல். முதலில் ‘உஷ்’ என்றவர்கள் கூட அப்புறம் ரசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி. ரெனே வாயைத் திறந்தான், என் வரி திரையில் வந்தது. கலியமூர்த்தியிடமிருந்து சத்தமே இல்லை. “என்னடா சொல்றான்?” என்றார் ராஜமாணிக்கம். “‘உன்னைப் பார்க்காம இருக்க முடியலடா’ங்கிறான்” என்றார் கலியமூர்த்தி. அப்படி ஒரு வரியை நான் எழுதவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கைப் போட்டதும் ராஜமாணிக்கம் எழுந்திருக்கவில்லை.

“அப்ப போலீசுக்கு அந்த வீடு எப்படிறா தெரிஞ்சுச்சு? நீ படிச்சதுல அது வரவே இல்லையே.”

என்னிடம் வந்த கேள்வி

ராஜமாணிக்கம் கூட்டத்தின் பக்கம் திரும்பி, “சப்டைட்டில் எழுதினவங்க இருக்காங்களா?” என்று கேட்டார். போனேன். “அந்த இடத்துல என்னம்மா எழுதியிருந்தீங்க?” நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த முபாரக் கையை நிறுத்திவிட்டார். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருத்தர் ஏதோ காரணத்துக்காகத்தானே மாற்றியிருப்பார், நாமும் மழுப்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் என் வரியை நம்பி ஒருவர் கேட்கும்போது இன்னொரு பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

ராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். “இதைப் படிக்கிறதுல உனக்கு என்னடா கஷ்டம்?” என்றார். கலியமூர்த்தி நின்றபடியே சொன்னார்: “தண்ணி கேட்டு மறியல் பண்ணி உன் மேல கேஸ் ஆச்சே, மாணிக்கம். நீ உன் மச்சினன் வீட்டுல இருக்கிறதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது நான்தான்டா. என் பையனுக்கு வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வந்த நேரம். அவன் பேரையும் கேஸ்ல சேர்த்துடுவேன்னு மிரட்டினாரு.” ராஜமாணிக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கம்மா சாவுக்கு என்னை ஜெயில்லேருந்து வேன்ல கூட்டிட்டு வந்தாங்க. பந்தல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டது நீதான்” என்றார் ராஜமாணிக்கம். குரலில் கோபமே இல்லை. கலியமூர்த்தி வழக்கம்போல அவர் கையைப் பிடிக்கப் போனார். ராஜமாணிக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க போங்க” என்றார். அதுவரை ‘டா’ போட்டுப் பேசிய மனிதர். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“மேடம், என்னை ஒரு ஆட்டோவுல ஏத்தி விட முடியுமா?”

இருமல்

சில மாதம் கழித்து அதே ஹாலில் ஒரு சிரிப்புப் படம்: பேக்கரிக்காரர் ஒருவரின் கல்யாணக் கலாட்டா. ராஜமாணிக்கம் மருமகளோடு வந்திருந்தார். கலியமூர்த்தியும் வந்தார், ஆனால் வாசலோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து முபாரக் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

மருமகளுக்குக் கூச்சம். நாலு வரி ஓடினால் ஒரு வரி சொல்வாள்: “ஏதோ சண்டை போட்டுக்கிறாங்க மாமா.” எல்லோரும் சிரித்தபோது ராஜமாணிக்கம் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பின்னாலிருந்து ஓர் இருமல். அவர் தலை சட்டென்று திரும்பியது. பிறகு எழுந்து நின்று இருட்டைப் பார்த்துப் பேசினார். முபாரக் படத்தை நிறுத்திவிட்டார். கலியமூர்த்தி நடந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்கிற வரை மறுபடி ஓடவிடவில்லை. அன்று கலியமூர்த்தி திரையில் இருந்ததைத்தான் படித்தார். அவரை முன்னால் வரவழைத்த வார்த்தைகள் இவைதான்:

“இங்க வாடா. இந்தப் பொண்ணு கதைச்சுருக்கம் சொல்லுது. வந்து படி. எனக்குக் கோபம் இன்னும் போகல, அது பாட்டுக்கு இருக்கும். நீ எழுத்து மாத்தாம படி.”

நான் எழுதுகிற வரி திரையில் ஓரிரு விநாடிதான் நிற்கிறது. அதற்குள் அது யார் வீட்டுக்குள் நுழையும் என்பது என் கையில் இல்லை என்று தெரிந்துபோனதால், இப்போதெல்லாம் எழுத்துப்பிழையை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்.