சென்னையில ஹீட்டர் எதுக்கு மேடம்?

குன்னூர் பயணக் கட்டுரை என்று நம்பி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். போன டிசம்பரில் அஸ்தினாபுரத்திலிருந்து குன்னூருக்குக் காரில் கிளம்பினேன். வண்டலூரைத் தாண்டவில்லை. ஆனாலும் பழைய கார் வைத்துக்கொண்டு மலைக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நடந்து சில மாதங்கள் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் நடுநடுவே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் கிளம்பினோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அக்கா ருக்மணி அத்தை, குன்னூரில் மகன் மூர்த்தி அத்தானோடு இருந்தார். வயது எண்பத்து நான்கு, படுத்த படுக்கை. காது சுத்தமாகக் கேட்காது, அதனால் போனில் பேசிப் பிரயோஜனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஸ்லேட்டில் எழுதிக் காட்டித்தான் எதையும் சொல்ல முடியும். "தம்பியை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுடா" என்று அத்தை தினமும் கேட்பதாக மூர்த்தி அத்தான் போனில் சொன்னதும் அப்பா பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

ரயிலிலோ வாடகைக் காரிலோ போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மிகக் குறைவு, ஓடுகிற ரயிலில் எழுந்து நடந்தால் தடுமாறி விழுவார், அதோடு அரை மணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க இறங்க வேண்டும். முன்பு ஒரு முறை வாடகைக் காரில் போனபோது அந்த டிரைவர் "இன்னா பெரிசு, மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் விழுப்புரம் வரை அடக்கிக்கொண்டே வந்த மனிதர், இனி என் பெண் ஓட்டினால்தான் வெளியூர் என்று முடிவே செய்துவிட்டார். ஆகவே பதினாறு வயதான என் கார்தான் ஒரே வழி.

அந்தக் காருக்கு செப்டம்பரிலிருந்தே ஒரு வியாதி. முன்பக்கம் இடது சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் எப்போதும் ஈரமாக இருந்தது. உள்ளே ஏறினால் லேசாக ஒரு தித்திப்பு வாசனை. மழை நாளில் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் ஒரு படலம் படியும், துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டு இன்னும் மோசமாகும். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

"அது ஏசி தண்ணி மேடம். ட்ரெயின் பைப் அடச்சிகினு கீது" என்றார் ஓனர். ஏசி தண்ணீர் வெளியேறும் அந்தக் குழாயை ஊதி அடைப்பு எடுத்து அனுப்பினார். ஒரே வாரத்தில் மறுபடியும் ஈரம். அக்டோபரில் போனேன், அதே பைப், அதே ஊதல். இந்த முறை ஈரத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுத்துப் போயிருந்தேன். பச்சையாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஏசி தண்ணீர் பச்சையாக இருக்குமா, ஒட்டுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற எனக்கு இதுகூடவா தெரியாது?

"புள்ளைங்க ஜூஸ் கொட்டிருக்கும் மேடம்."

என் மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். அவன் ஜூஸ் குடித்தாலும் அது அங்கேதான் கொட்டும். "இன்ஜின் தண்ணி லீக் ஆகுது. டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஹீட்டர் இருக்கில்ல, அதைப் பாருங்க" என்றேன். ஓனர் சிரித்தார். "நீங்க ஹீட்டரே போட்டதில்ல. போடாத ஹீட்டர்ல எப்டி மேடம் லீக் ஆவும்?"

இங்கே நின்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு தப்பான நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் ஊரில் வெயிலே ஹீட்டர். ஏசிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பிய ஆளை நான் தாம்பரத்தில் பார்த்ததில்லை. அதனால் அது ஓடாத பொருள், ஓடாத பொருள் கெடாது என்று மெக்கானிக்குகளே நம்புகிறார்கள். என் கார் போன்ற பல பழைய கார்களில் அந்தக் குமிழ் காற்றின் பாதையை மட்டும்தான் மாற்றும். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஹீட்டர் என்கிற அந்தச் சின்ன ரேடியேட்டருக்குள் போய் வந்துகொண்டுதான் இருக்கும், யாரும் கேட்காவிட்டாலும்.

நவம்பரில் மூன்றாவது முறை போனபோது அவர் என்னிடம் பேசவே இல்லை. "சார் நம்பர் குடுங்க, சார்கிட்ட சொல்லிடறேன்" என்றார். என் கணவருக்கு சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. அவரிடம் போனில் என்னவோ சொல்லி, அவரும் "சரி சரி" என்று தலையாட்டியிருக்கிறார். வண்டி திரும்பி வந்தது. கார்ப்பெட் காய்ந்திருந்தது, குறைந்திருந்த இன்ஜின் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது, கண்ணாடியில் மல்லிகைப்பூ வாசனை அட்டை ஒன்று தொங்கியது. வாசனை வருகிறது என்று புகார் சொன்னதற்கு வாசனை மாட்டி அனுப்பியிருக்கிறார்! "மலைக்குப் போகணும், வயசானவர் வர்றார், தைரியமா எடுத்துட்டுப் போலாமா?" என்று அவரிடம் வெளிப்படையாகக் கேட்டேன். "கண்ண மூடிகினு போங்க மேடம்" என்றார்.

டிசம்பர் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கீழ்க்கட்டளையில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பாவை ஏற்றிக்கொண்டேன். டேஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அதனால் அப்பா எப்போதும் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் முன்சீட்டில் உட்காருவார். குன்னூர் 540 கிலோமீட்டர், வழியில் சேலத்தில் மதியச் சாப்பாடு என்று திட்டம். பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கும்போது தூறல் ஆரம்பித்தது.

பெருங்களத்தூர் தாண்டும்போது முன்கண்ணாடி மறைந்துவிட்டது. வெளியே வைப்பர் ஓடுகிறது, உள்ளே பால் ஆடைபோல் ஒரு படலம். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, ஊர்ந்து ஊர்ந்து வண்டலூர் பூங்காவுக்கு முன்னால் ஓரங்கட்டினேன். அப்பா இறங்க வேண்டிய நேரமும் ஆகியிருந்தது. செருப்பை எடுத்துக் கொடுத்தேன். இடது காலை அவர் மாட்டும்போது பாதத்துத் தோல் வெள்ளையாக ஊறி, குதிகாலுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கொப்பளித்திருந்தது. கார்ப்பெட்டில் கை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, சுடலையா உங்களுக்கு?"

"ஈரமா இருந்துச்சும்மா. சூடெல்லாம் தெரியல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் இல்ல, துணி சுத்திக்கலாம். நீ வண்டிய எடு. அக்கா காத்திட்டிருப்பா" என்றார்.

அந்த இடத்தில் நான் அழுதேன், எழுத வெட்கமில்லை. பிறகு அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் தொட்டியில் குடிதண்ணீரை ஊற்றி, நான்கு ஜன்னலையும் திறந்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். காலைப் பார்த்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருங்க ஐயா சுடுதண்ணி ஊத்துனது?" என்று அப்பாவிடம் கேட்டார், என்னிடம் அல்ல. பெற்ற தகப்பன் காலில் வெந்நீர் ஊற்றியவள் போல நான் அந்த அறையில் நின்றேன். சர்க்கரைக்காரர், புண் ஆற மாதக்கணக்காகும், காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், பயணம் என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர்.

கணவரை வரவழைத்து அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இன்ஜினை நிறுத்தவில்லை. "ஏறி உக்காருங்க. செருப்பைக் கழட்டிட்டு" என்றேன்.

"இன்னா மேடம், விளையாடறீங்களா?"

"உக்காருங்க."

என் குரலைக் கேட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓனர் சிரித்துக்கொண்டே ஏறி, காலைக் கீழே வைத்தார், அடுத்த நொடி முழங்காலை மார்பு வரை தூக்கிக்கொண்டார். "சுடுது மேடம்!"

"வைங்க. எங்கப்பா கீழ்க்கட்டளையிலருந்து வண்டலூர் வரைக்கும் வெச்சிருந்தார்."

வைக்கவில்லை. இறங்கி, செருப்பை மாட்டி, பானெட்டைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு ஓஸையும் ஒண்ணா சேர்த்து பைபாஸ் போட்டு வுட்டுடறேன். காசு வோணாம். சென்னைல ஹீட்டர் எதுக்கு மேடம்?" ஹீட்டருக்குத் தண்ணீரே போகாதபடி குழாயைச் சுற்றிவிடுகிறாராம். மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை. நான் வண்டியை எடுக்கும்போது, "சாரை கூட்டினு வாங்க, பேசிக்கலாம்" என்று பின்னாலிருந்து அவர் குரல் வேறு.

கேம்ப் ரோட்டில் வேறொரு கடையில் டேஷ்போர்டை முழுக்கக் கழற்றி ஹீட்டரின் உள்பகுதியை மாற்றினேன். பாகமும் கூலியும் சேர்த்து 7,300 ரூபாய், இரண்டு நாள் வேலை. கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் படிகிற அதே வெள்ளை உப்பு உள்ளே அடைத்து, ஓரம் அரித்துப்போயிருந்தது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் கூலண்ட் என்கிற அந்தப் பச்சைத் திரவத்தோடு போர் தண்ணீரைப் பிடித்துக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்ஜினுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை.

ஆகவே, மலைக்குக் கிளம்புகிறவர்களே, ஓட்டி முடித்ததும் முன்சீட்டுக் கார்ப்பெட்டில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். ஏசி தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஒட்டாது. ஒட்டினாலோ, தித்திப்பாக வாசனை வந்தாலோ, தொட்டியில் தண்ணீர் அடிக்கடி குறைந்தாலோ யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். பைபாஸ் போட்டால் ஊருக்குள் ஓட்டலாம், ஆனால் மலைப் பனியில் கண்ணாடி தெளிய அந்த ஹீட்டர்தான் வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முக்கியமாக, காலில் உணர்ச்சி இல்லாதவர்களிடம் "சுடுதா?" என்று கேட்டு விட்டுவிடாமல் நீங்களே தொட்டுப் பாருங்கள்.

அப்பாவின் காலில் போட்ட கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அத்தை போய்விட்டார். பிப்ரவரியில், டாக்டர் அனுமதித்த பிறகுதான் குன்னூர் போனோம். கார் எந்தத் தொந்தரவும் தரவில்லை. பர்லியார் தாண்டிப் பனி இறங்கியபோது குமிழைச் சிவப்புக்குத் திருப்பினேன், கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது.

அத்தையின் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மூர்த்தி அத்தான் அப்பாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அன்னைக்கு நீங்க கிளம்பிட்டீங்கன்னு ஸ்லேட்ல எழுதிக் காட்டினேன் மாமா. தலைக்குக் குளிப்பாட்டி, வேற புடவை கட்டிவிடச் சொன்னாங்க. தலகாணி வெச்சு நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. நீங்க வரலன்னு எழுதிக் காட்டினப்புறமும் ராத்திரி வரைக்கும் படுக்க மாட்டேன்னுட்டாங்க."