எல்லாம் உணர்விலிருந்தே என்ற எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தங்கையாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததும் பதினெட்டு வயதில் சுரங்க வேலைக்கு இறங்கி, என்னை அறிவியல் ஆசிரியை ஆக்கினார். ஒரு ஷிப்டில் விளக்கு அணைந்துபோய், ஆழத்தில் பல மணி நேரம் தனியே உட்கார்ந்திருந்தார்.

"கை எது, பாறை எதுன்னு தெரியல. நான் இருக்கேன்னு மட்டும் தெரிஞ்சுது. அந்த உணர்வுதான் மொதல்ல இருந்திருக்கணும். ஒலகமே அதுலேர்ந்துதான் உண்டாயிருக்கணும்" என்பார்.

"பாறை நமக்கு முன்னாடியே இருந்துச்சே அண்ணா" என்று நான் வாதிடுவேன். சிரித்துக்கொள்வார்.

சுரங்கம் மூடியபின் எலெக்ட்ரீஷியனாகத் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறினார். ஞாயிறு காலைகளில், பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்த அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்கக் கூடுவார்கள். அண்ணி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்து கேட்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, கூட்டம் கலைந்ததும் அண்ணி என்னிடம் மார்பில் கட்டி இருப்பதாகச் சொன்னார். நான்கு மாதமாக மறைத்திருக்கிறார். உடனே அண்ணனை அழைத்தேன்.

"இன்னாம்மா, ஏன் சொல்லல?"

"எல்லாம் உள்ளேர்ந்துதான் உண்டாவுதுன்னு நீங்கதானே சொல்றீங்க. அப்போ இதையும் நான்தானே உண்டாக்கினேன்? மனசு சுத்தமானா கரைஞ்சிடும்னு இருந்தேன்."

அண்ணன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சரியா சொல்லலம்மா. நான் சொன்ன உணர்வு உன் மனசும் இல்ல, என் மனசும் இல்ல. நாம ரெண்டு பேரும் அதுல உண்டானவங்க. இது உன் தப்பு இல்ல. டாக்டரும் மருந்தும்கூட அதுலேர்ந்து வந்ததுதான். நாளைக்கே போலாம்."

மறுநாள் முதல் ரயிலில் அழைத்துப் போனார். அறுவை சிகிச்சையும் நீண்ட மருத்துவமும் நடந்தன. அண்ணன் வேலையை விட்டுவிட்டு உடனிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரமே, ஞாயிறு கூட்டத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்றார். "என் பேச்சைக் கேட்டு என் வீட்டுலயே நாலு மாசம் நோயை மறைச்சிருக்காங்க. தப்பு என்னுது" என்றார். அதன்பின் சிலர் வருவதை நிறுத்தினர். 'குருன்னு நெனச்சோம், இவரே ஆஸ்பத்திரிக்கு ஓடறாரே' என்று வெளியே பேசியவர்களும் உண்டு. அண்ணன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தன் எண்ணத்தையும் கைவிடவில்லை. அவரிடம் எனக்கிருந்த மதிப்பு பல மடங்கானது அப்போதுதான்.

அண்ணி குணமானார். பின்னாளில் அண்ணனின் நுரையீரல் பழுதானபோது அண்ணிதான் தாங்கினார். கடைசி வாரத்தில் கேட்டேன்: "இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா அண்ணா?"

"ஆமா. நீ இன்னா சொல்றே?"

"எனக்குத் தெரியல."

"முன்னெல்லாம் இல்லவே இல்லைன்னு சொல்லுவே" என்று மெல்லச் சிரித்தார்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாறி மாறிச் சுமந்து வந்த அக்கம்பக்கத்தார், வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர், வேலூரிலிருந்து ஓடிவந்த உறவினர்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.

ஞாயிறு கூட்டம் நிற்கவில்லை. இப்போது அண்ணி பேசுகிறார். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: "ஒடம்புக்கு ஏதாவதுன்னா டாக்டரைப் பாத்துட்டு வாங்க. மத்ததை அடுத்த வாரம் பேசலாம்."