கௌதாரியின் நீள வால்

உவர்மண் போட்டு வெளுத்து வெயிலில் காய்ந்த பழந்துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. பாப்பாரப்பட்டியில் எங்கள் பள்ளிக்கூடச் சுவர் நெடுகக் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்த அந்தத் தை மாதப் பகல் முழுக்க அந்த வாசனைதான். யுத்த காலம். புதுத்துணி 'கண்ட்ரோல்' கடையில் அளந்துதான் கிடைத்தது என்பதால், பழையதை ஒட்டித் தைக்கும் பெண்களின் கைவேலையை ஊருக்குக் காட்ட டீச்சரம்மா ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு எட்டு வயது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே எனக்கு எதுவும் விளங்கவில்லை. வெள்ளைப் புள்ளி போட்ட என் செங்காவிப் பாவாடை காணாமல் போனது. எலி கடித்துவிட்டதென்றாள் அம்மா. குதிருக்குப் பின்னால் நான் தேடாத பொந்தில்லை; ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. புல்லறுக்கப் போகிற அம்மா பொழுது சாயும்போதுதான் திரும்பினாள். கொண்டுவந்த புல்லோ ஒரு கைப்பிடி. விரல் நுனியெல்லாம் குத்துப்பட்ட புள்ளிகள். கேட்டால் முள் என்றாள்.

பக்கத்து நிலத்துக்காரரின் மனைவி கௌரக்கா. கன்னடம் பேசும் வீடு. ஒட்டுத்துணிப் போர்வையைக் 'கவுதி' என்பார்கள். பொதுக் கிணற்றில் யாருக்கு முதல் தண்ணீர் என்று அவள் கணவரும் அப்பாவும் கைகலந்த நாளிலிருந்து, அந்த வீட்டு வாசற்படியை நம்மவர்கள் மிதிக்கக் கூடாதென்று அப்பா சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் எங்களை அழைத்துப் போனார். பாயோடு சுருட்டி வைக்கிற போர்வை சுவரில் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணை எடுக்க முடியவில்லை. வேட்டிக் கரையில் வெட்டித் தைத்த கொக்கு, யாரோ ஒருத்தியின் முகூர்த்தச் சேலையில் மீன்கொத்தி, கிழிந்த தலைப்பாகையில் செம்போத்து. காற்று உள்ளே புகும்போது அத்தனையும் ஒருசேர வயிறு உப்பி மூச்சுவிட்டன. கடைசியில் கௌரக்காவின் கவுதி. அதன் நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கௌதாரி.

"எலி கடிச்ச பாவாடை இதாம்மா" என்றேன்.

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. அப்பா பறவையைப் பார்த்தார், பாவாடைத் துணியைப் பார்த்தார், பிறகு அம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

"என்ன பட்சி இது?"

"கௌதாரிங்க."

"கௌதாரிக்கு ஏது இத்தன நீள வாலு?"

"துணி மிச்சம் இருந்துச்சுங்க. வெட்ட மனசு வரல."

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வந்து, இது யார் கைவேலை என்று கேட்டார். தூரத்தில் நின்ற கௌரக்கா அப்பாவைப் பார்க்காமலே, "ரெண்டு பேர்துங்க" என்றாள். அப்பாவின் மீசை அசைந்தது. சிரிப்பா, பல்லைக் கடித்தாரா என்று எனக்குப் புரியவில்லை. வழி நெடுகத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். என் வாயால் வந்த வினை என்று பயந்து நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடியே போனேன். அவளோ பறவைகளையே நினைத்துக்கொண்டு வருபவள்போல இருந்தாள்.

மறுநாள் காலை களி உருண்டையைப் பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "வர நேரமாச்சுன்னா சொல்லிட்டுப் போ."

அவ்வளவுதான். அதன் பிறகு கௌரக்கா வீட்டுக்கு அம்மா சொல்லிவிட்டே போனாள். அப்பாவும் கௌரக்காவின் கணவரும் மட்டும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கவுதி கௌரக்காவின் மகளோடு கல்யாணச் சீராகக் கன்னட எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கிணற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய சுவரும் இன்றில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு அப்பாவுக்குக் கோபமா சந்தோஷமா என்று.

"எனக்கே தெரியாது கண்ணு," என்றாள். "கேட்டா மனசு மாறிருவாரோன்னு கடைசிமுட்டும் கேக்காமலே வுட்டுட்டேன்."